எக்ஸ்வி6 கெர்னலை ராஸ்பெர்ரி பை 3-க்குப் பெயர்த்து நடுவது எப்படி

சிங்கப்பூரில் இயங்குதள வகுப்பை முடித்துவிட்டு இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்காக இது. எம்ஐடி 2006-இல் வகுப்புக்கென எழுதிய சிறிய யூனிக்ஸ் கெர்னல் எக்ஸ்வி6. அதன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு கியூஎமு என்ற மென்பொருள் இயந்திரத்தில் ஓடுகிறது. அதை எடுத்து ராஸ்பெர்ரி பை 3 போர்டில் ஷெல் வரும்வரை கொண்டுபோவதுதான் வேலை. பல்கலைக்கழகத்தின் 13 வாரப் பருவத்தில் இரண்டு பேர் சேர்ந்து முடித்துவிடலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் தாராளமாகச் செய்யலாம். சி மொழியில் பாயின்டர் மீதான பயம் போயிருந்தால் போதும்.

தொடங்கும் முன்பே ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கட்டமும் போர்டில் ஓடிய பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. கியூஎமு பாட் ரேட்டைப் பார்ப்பதில்லை, பின்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பதில்லை, கேஷ் இருப்பதாகவே காட்டுவதில்லை. நினைவகம் முழுக்கப் பூஜ்யமாகவே தொடங்கும். பத்து வாரம் கியூஎமுவிலேயே வளர்த்துவிட்டு பதினோராவது வாரம் போர்டில் ஏற்றினால் இவை எல்லாம் ஒரே நாளில் வந்து மோதும். எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. புராஜெக்ட் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் எண்கள். ஏ முதல் எஃப் வரையிலான இலக்கங்களை ஒலிப்பிலேயே தந்திருக்கிறோம்.

போர்டும் பொருள்களும்

பை 3 மாடல் பி, 3பி பிளஸ், ஸீரோ 2 டபிள்யூ ஆகிய மூன்றில் எதுவானாலும் சரி. மூன்றிலும் நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கோர்கள். சாதன ரெஜிஸ்டர்கள் 3எஃப்000000-இல் தொடங்கும். ஸீரோ 2 டபிள்யூவில் 512 எம்பி நினைவகம்தான், ஆனால் எக்ஸ்வி6 கேட்பது 128 எம்பி. அந்த எல்லையை மாற்றாதீர்கள், ஒரு ஜிபி இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஏற்றுவதில் பயன் ஒன்றுமில்லை. பை 4-இல் முகவரிகளும் இன்டரப்ட் கன்ட்ரோலரும் வேறு. பை 5-ஐ முதல் பெயர்ப்புக்கு எடுக்க வேண்டாம்: அதன் ஜிபிஐஓ பின்கள் பிசிஐஇ இணைப்புக்கு அப்பால் இன்னொரு சில்லில் இருக்கின்றன, ஓர் எல்இடியை மினுக்கவே பிசிஐஇயைத் தாண்ட வேண்டியிருக்கும்.

சில்லறைப் பாகங்களுக்கு சிம் லிம் டவருக்குப் போங்கள். ரோச்சோர், ஜாலான் புசார் நிலையங்களிலிருந்து நடக்கும் தூரம்தான். வாங்க வேண்டியவை: யூஎஸ்பி-டிடிஎல் சீரியல் கேபிள் ஒன்று, பெண் முனை ஜம்பர் வயர் ஒரு கட்டு, சிவப்பு எல்இடி இரண்டு, 330 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 32 ஜிபிக்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி கார்டு இரண்டு. கேபிள் வாங்கும்போது "சிக்னல் 3.3 வோல்ட்" என்று சொல்லிக் கேளுங்கள். 5 வோல்ட் சிக்னல் போர்டின் பின்னைக் கெடுத்துவிடும். சில அடாப்டர்களில் ஜம்பரை மாற்றினால்தான் 3.3-க்கு வரும். கார்டு 64 ஜிபியாக இருந்தால் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும், போர்டு அதைப் படிக்காது. மின்சாரத்துக்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர் தேவை. பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் மின்னழுத்தம் இறங்கி, உங்கள் பிழை போலவே தோன்றும் தடுமாற்றங்கள் வரும்.

இணைப்பு மூன்றே கம்பிதான். 40 பின் வரிசையில் 6-ஆம் பின்னில் கேபிளின் கருப்பு, அதாவது கிரவுண்ட். 8-ஆம் பின் போர்டு அனுப்பும் பக்கம், அதில் கேபிளின் ஆர்எக்ஸ். 10-ஆம் பின் போர்டு வாங்கும் பக்கம், அதில் கேபிளின் டிஎக்ஸ். சிவப்புக் கம்பியை எங்கும் செருகாதீர்கள்; போர்டுக்குத் தனி மின்சாரம் இருக்கும்போது இரண்டு மூலங்கள் மோதிக்கொள்ளும்.

எல்இடி எதற்கு என்றால், சீரியல் பேசாத நிலையில் "குறிமுறை இதுவரை ஓடி வந்தது" என்று காட்ட வேறு வழி இல்லை. பை 3பியின் பச்சை விளக்கு நேரடி ஜிபிஐஓவில் இல்லை. ஆகவே 11-ஆம் பின்னிலிருந்து, அதாவது ஜிபிஐஓ 17-லிருந்து, 330 ஓம் வழியாக எல்இடியின் நீண்ட காலுக்கு. குட்டைக் கால் 9-ஆம் பின்னுக்கு.

கம்பைலர்

உபுண்டுவில் கிடைக்கும் ஏஆர்ச்64 லினக்ஸ் ஜிசிசியே போதும்; விண்டோஸ் மடிக்கணினி என்றால் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் நிறுவுங்கள். எக்ஸ்வி6-இன் மேக்ஃபைலில் ரிஸ்க்-ஃபைவுக்கென இருக்கும் "எம்சிமாடல் மெட்எனி" ஃபிளாகை எடுத்துவிடுங்கள். புதிதாகச் சேர்க்க வேண்டியவை மூன்று, மூன்றுக்கும் காரணம் உண்டு.

"ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி": இல்லாவிட்டால் கம்பைலர் சாதாரண நகலெடுப்புக்கும் வெக்டர் ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தும், அவற்றை நாம் இயக்கியிருக்கவே மாட்டோம், உடனே டிராப். "ஸ்ட்ரிக்ட்-அலைன்": எம்எம்யூ (முகவரிகளை மொழிபெயர்க்கும் வன்பொருள்) அணைந்திருக்கும்போது நினைவகம் முழுவதும் சாதனம் போலவே நடத்தப்படும், சீரில்லாத முகவரியில் தொட்டால் ஃபால்ட். "நோ-அவுட்லைன்-அடாமிக்ஸ்": இது இல்லாவிட்டால் லாக் எடுக்கும் குறிமுறைக்கு ஜிசிசி 10-உம் அதற்குப் பிந்தையவையும் வெளி ஃபங்ஷனை அழைக்கும், லிங்க் செய்யும்போது "அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்" என்று நிற்கும்.

முதல் எழுத்து

எஸ்டி கார்டின் ஃபேட்32 பகுதியில் ஐந்து கோப்புகள்: பூட்கோட்.பின், ஸ்டார்ட்.எல்ஃப், ஃபிக்ஸப்.டாட் ஆகிய மூன்றும் ராஸ்பெர்ரி பை நிறுவனம் தருபவை, கான்ஃபிக்.டிஎக்ஸ்டி, கெர்னல்8.ஐஎம்ஜி இரண்டும் உங்களுடையவை. கான்ஃபிக்கில் எனேபிள்_யூஆர்ட்=1 என்று ஒரு வரி, கோர்_ஃப்ரீக்=250 என்று ஒரு வரி. ஃபர்ம்வேர் உங்கள் கெர்னலை 80000 முகவரியில் ஏற்றி, கோர் 0-வை அங்கே குதிக்க வைக்கும். மற்ற மூன்றும் ஒரு சுழலில் காத்திருக்கும். அவற்றைக் கடைசி வரை மறந்துவிடலாம். எக்ஸ்வி6-இல் கோர் எண்ணிக்கையைச் சொல்லும் என்சிபியூ-வை 1 ஆக்கிவிடுங்கள்.

எக்ஸ்வி6-இன் தொடக்க அசெம்பிளியில் இல்லாத ஒன்றை இங்கே நீங்கள் எழுதியாக வேண்டும்: தொடக்க மதிப்பு தராத மாறிகள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைப் பூஜ்யமாக்குவது. ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் கியூஎமு எல்ஃப் கோப்பை நேரடியாக ஏற்றுவதால் அந்த வேலையை அதுவே செய்துவிடுகிறது. நீங்கள் ஆப்ஜ்காப்பி செய்து எடுக்கும் வெறும் ஐஎம்ஜி கோப்பில் பிஎஸ்எஸ் இருக்காது. போர்டின் நினைவகத்திலோ மின்சாரம் வந்தவுடன் கிடக்கும் குப்பை. மறந்தால், கியூஎமுவில் ஒழுங்காக ஓடும், போர்டில் பூஜ்யமாக இருக்க வேண்டிய மாறிகளில் குப்பை இருந்து காரணமே தெரியாமல் நின்றுவிடும்.

சீரியலுக்கு மினி யூஆர்ட் என்ற எளிய சீரியல் சாதனத்தை எடுங்கள். அதன் ரெஜிஸ்டர்கள் சாதன அடித்தளத்திலிருந்து 215040 தள்ளி. வரிசை இப்படி: 215004-இல் பிட் 0-வை ஏற்றி மினி யூஆர்ட்டை இயக்குவது, அனுப்புதல், வாங்குதல் இரண்டையும் அணைப்பது, எல்சிஆரில் 3, பாட் ரெஜிஸ்டரில் 270 போடுவது, ஜிபிஐஓ 14, 15 பின்களை (40 பின் வரிசையில் 8, 10) மினி யூஆர்ட்டுக்கான ஆல்ட்5-க்கு மாற்றுவது, பிறகு இரண்டையும் இயக்குவது. எல்சிஆரில் 3 என்பதைக் கவனியுங்கள். பிராட்காம் ஆவணத்தின்படி 8 பிட்டுக்கு 1 போட வேண்டும். அது அச்சுப் பிழை, 1 போட்டால் 7 பிட்தான் போகும், ஆகவே திரையில் வருபவை வேறு எழுத்துகளாகிவிடும்.

270 எங்கிருந்து வந்தது? 25 கோடி ஹெர்ட்ஸ் கடிகாரத்தை 8-ஆலும் 1,15,200-ஆலும் வகுத்தால் 271.27, ஒன்றைக் கழித்தால் 270. இந்தக் கடிகாரம் கிராஃபிக்ஸ் பக்கத்துக் கோரின் கடிகாரம், நிலையானது அல்ல. 400 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் அதே 270-க்கு வேகம் 1,84,500-ஐத் தொடும், திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களுமாக வரும். கான்ஃபிக்கில் 250 என்று எழுதச் சொன்னது அதனால்தான்.

கியூஎமுவில் ராஸ்பி3பி மெஷினுக்கு இரண்டு சீரியல்கள்; முதலாவது பிஎல்011, இரண்டாவதுதான் மினி யூஆர்ட். முதலாவதை நல் என்று கொடுத்து இரண்டாவதைத் திரைக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும் கொடுத்துவிட்டு "எதுவுமே வரவில்லை" என்று ஒரு மாலைப்பொழுதைத் தொலைப்பது வழக்கமாக நடப்பது.

கார்டைக் கழற்றிக் கழற்றிச் செருகுவது இரண்டு நாளில் சலித்துவிடும், கார்டு உறையும் தேயும். சீரியல் வழியாகக் கெர்னலை வாங்கி 80000-இல் வைத்துக் குதிக்கும் ஒரு சிறு லோடரை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். நூறு வரிகூட ஆகாது. லோடர் முதலில் தன்னையே வேறிடத்துக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வரும் கெர்னல் அதன் மேலேயே விழும். பின்னால் 2 எம்பி கோப்பு முறையும் சேரும்போது 1,15,200 வேகத்தில் ஏற்ற மூன்று நிமிடம் ஆகும். பாட் ரெஜிஸ்டரில் 33 போட்டு 9,21,600-க்குப் போனால் 22 விநாடிதான்.

இஎல்2-லிருந்து இஎல்1-க்கு, பிறகு எக்ஸெப்ஷன்

போர்டு உங்களிடம் வரும்போது ப்ராசஸர் இஎல்2 என்ற அதிகார மட்டத்தில் இருக்கும். கெர்னல் ஓட வேண்டியது இஎல்1-இல். ஹெச்சிஆர்_இஎல்2-இன் 31-ஆம் பிட், எஸ்பிஎஸ்ஆரில் 3சி5, இஎல்ஆரில் போக வேண்டிய இடம், பிறகு இரெட். இறங்கும் முன் டைமரை இஎல்1 தொட அனுமதிக்கும் இரண்டு பிட்களையும் சிஎன்டிஹெச்சிடிஎல்_இஎல்2-இல் ஏற்றிவிடுங்கள். மறந்தால் மூன்று வாரம் கழித்து டைமர் எழுதும்போது காரணமே புரியாத டிராப் வரும்.

அடுத்து எம்எம்யூவுக்குப் போக மனம் துடிக்கும். பொறுங்கள். எக்ஸெப்ஷன் வெக்டரையும், அதில் ஈஎஸ்ஆர், எஃப்ஏஆர், இஎல்ஆர் மூன்றையும் ஹெக்ஸில் அச்சிட்டு நின்றுவிடும் ஒரு ஹாண்ட்லரையும் முதலில் எழுதுங்கள். வெக்டர் அட்டவணை 2048 பைட் எல்லையில் தொடங்க வேண்டும், 16 நுழைவுகள், ஒவ்வொன்றுக்கும் 128 பைட். இந்த அச்சில் லாக் எடுக்கக் கூடாது, எக்ஸ்வி6-இன் பிரின்ட்எஃப்-ஐ அழைக்கக் கூடாது. யூஆர்ட்டில் நேரடியாக எழுதுங்கள்.

இந்த மூன்று எண்களைப் படிக்கப் பழகியவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஈஎஸ்ஆர் 96000045 என்று வருகிறது என்று வையுங்கள். மேல் ஆறு பிட்கள் ஹெக்ஸில் 25: கெர்னலே செய்த டேட்டா அபார்ட். கடைசி 45-இல் 40 என்பது எழுதும் முயற்சி என்பதைச் சொல்கிறது. மீதி 5, முதல் மட்டத்தில் மொழிபெயர்ப்பு இல்லை. அதாவது மேப் செய்யாத முகவரியில் கெர்னல் எழுதப் பார்த்திருக்கிறது. எந்த முகவரி என்பது எஃப்ஏஆரில், எந்த வரி என்பது இஎல்ஆரில். அதே எண் 96000061 என முடிந்தால் அலைன்மென்ட் பிழை: ஸ்ட்ரிக்ட்-அலைன் ஃபிளாக் விட்டுப்போயிருக்கும். 92 என்று தொடங்கினால் பயனர் நிரலின் டேட்டா அபார்ட். 82 என்றால் பயனர் நிரல் இன்ஸ்ட்ரக்ஷனைப் படிக்கப் போய் விழுந்தது. 0பி என்று முடிந்தால் மூன்றாம் மட்டத்தில் அக்ஸஸ் ஃபிளாக் போடவில்லை. 56000000 வந்தால் மகிழ்ச்சி, அது சிஸ்டம் கால். 02000000 வந்தால் ப்ராசஸருக்கே புரியாத இன்ஸ்ட்ரக்ஷன். பெரும்பாலும் அது ரிஸ்க்-ஃபைவின் பைட்களாக இருக்கும். எக்ஸ்வி6-இன் சில பதிப்புகளில் இனிட்கோட் என்ற முதல் நிரல் ப்ராக்.சி கோப்பில் வெறும் பைட்களாகவே எழுதப்பட்டிருக்கிறது, அதை மாற்ற மறந்திருப்பீர்கள். எக்ஸெக் எல்ஃப் கோப்பின் முதல் நான்கு பைட்களை மட்டுமே சரிபார்க்கிறது. எந்த ப்ராசஸருக்கான கோப்பு என்று கேட்பதில்லை. ஆகவே பழைய எஃப்எஸ்.ஐஎம்ஜி கிடந்தாலும் தயங்காமல் ஏற்றி விழும். மேக் கிளீன் செய்துவிட்டுப் பாருங்கள்.

எம்எம்யூ: லாக்குக்கு முன்னால்

எக்ஸ்வி6-இன் மெயின் ஃபங்ஷனில் கன்சோல் முதலில், பேஜ் டேபிள் பிறகு. இந்த வரிசையை அப்படியே கொண்டுவந்தால் போர்டு முதல் பிரின்ட்எஃப்-இலேயே நின்றுவிடும், கியூஎமுவில் நிற்காது.

காரணம் இது. பிரின்ட்எஃப் ஒரு ஸ்பின்லாக் எடுக்கிறது. ஏ53-இல் அணு நிலைப் பரிமாற்றத்துக்குத் தனி இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது; எல்டிஎக்ஸ்ஆர், எஸ்டிஎக்ஸ்ஆர் என்ற இணையால் ஒரு சுழலில் செய்கிறது. இந்த இணை வேலை செய்ய அந்த நினைவகம் கேஷ் ஆகும் சாதாரண நினைவகமாக இருக்க வேண்டும். எம்எம்யூ அணைந்திருக்கும்போது எல்லா நினைவகமும் சாதன வகை. எஸ்டிஎக்ஸ்ஆர் ஒவ்வொரு முறையும் "முடியவில்லை" என்று திரும்பினால் சுழல் முடிவே இல்லாமல் ஓடும். கேஷ் இல்லாத கியூஎமு இதை எப்போதும் வெற்றியாகவே காட்டும். ஆகவே எம்எம்யூவையும் கேஷையும் தொடக்க அசெம்பிளியிலேயே, மெயினுக்கு வரும் முன்பே இயக்கிவிடுங்கள். வேகமும் கூடும்: கேஇனிட் 128 எம்பியையும் பக்கம் பக்கமாகக் குப்பை எழுதி விடுவிக்கிறது, மெம்செட் பைட் பைட்டாகப் போகிறது, கேஷ் இல்லாமல் அது இழுக்கும் இழுப்பில் போர்டு செத்துவிட்டதோ என்று தோன்றும்.

தொடக்க மேப்புக்கு இரண்டே பக்கம் போதும். முகவரியின் அகலத்தைச் சொல்லும் டி0எஸ்இஸட், டி1எஸ்இஸட் இரண்டும் 25 (இது ஹெக்ஸ் அல்ல). இதனால் 39 பிட் முகவரி, மூன்று மட்டம். ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39-க்கும் இதே கணக்குத்தான், ஆகவே எக்ஸ்வி6-இன் வாக் ஃபங்ஷனின் சுழல் அமைப்பை மாற்றவே வேண்டாம். முதல் மட்டத்தில் இரண்டு நுழைவுகள். முதல் ஜிபிக்கு இரண்டாம் மட்ட அட்டவணை: 2 எம்பி துண்டுகளில் 504 சாதாரண நினைவகம், அதற்குமேல் 3எஃப்000000-லிருந்து 8 துண்டுகள் சாதனம். இரண்டாவது ஜிபி 40000000-இல் தொடங்கும் ஒரே சாதனத் துண்டு. கோர்களின் டைமர் இன்டரப்ட் ரெஜிஸ்டர்கள் அங்கேதான் இருக்கின்றன. அதே அட்டவணையை கீழ், மேல் முகவரிகளுக்கான பேஜ் டேபிள் ரெஜிஸ்டர்களான டிடிபிஆர்0, டிடிபிஆர்1 இரண்டிலும் போட்டு, கெர்னலை மேல் முகவரிக்கு லிங்க் செய்து, எம்எம்யூ ஏறியதும் மேலே குதியுங்கள்.

மொழிபெயர்ப்பை அமைக்கும் டிசிஆர் ரெஜிஸ்டரில் ஒரு பொறி உண்டு. 4 கேபி பக்கம் என்பதற்கு டிஜி0-இல் 00, டிஜி1-இல் 10. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கீழ் முகவரி வேலை செய்யும், மேலே குதித்த கணமே காணாமல் போகும்.

மேல் முகவரியில் கெர்னலை வைப்பதால் பேஜ் டேபிளை மாற்றுவதற்கென எக்ஸ்வி6 வைத்திருக்கும் டிராம்போலின் பக்கமே தேவையில்லை. ரிஸ்க்-ஃபைவில் பேஜ் டேபிள் ரெஜிஸ்டர் ஒன்றுதான், அதனால் அந்தச் சுற்றுவழி. இங்கே பயனருக்கு ஒன்று, கெர்னலுக்கு ஒன்று. டிராம்போலினை அப்படியே பெயர்க்கப் பார்க்காதீர்கள், தைரியமாக வெட்டி எறியுங்கள். பதிலுக்கு இன்னொன்று திரும்பி வரும். ரிஸ்க்-ஃபைவ் எக்ஸ்வி6-இல் கெர்னலுக்கு மெய் (ஃபிசிக்கல்) முகவரியும் பொய் (விர்ச்சுவல்) முகவரியும் ஒன்றே. இங்கே அப்படி அல்ல. கேஅலாக் தரும் முகவரியைப் பேஜ் டேபிளில் எழுதும்போது மெய்யாக்க வேண்டும், அங்கிருந்து எடுக்கும்போது பொய்யாக்க வேண்டும். வாக், மேப்பேஜஸ், காப்பிஅவுட், ஃப்ரீவாக் என ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுங்கள்.

நுழைவின் பிட்களும் மாறும். ரிஸ்க்-ஃபைவில் முகவரி இரண்டு பிட் கீழே நகர்ந்து உட்காரும். ஆர்மில் 12 முதல் 47 வரை அப்படியே. ஆர்மில் பிட் 10, அக்ஸஸ் ஃபிளாக், எப்போதும் 1. மூன்றாம் மட்டத்தில் கீழ் இரண்டு பிட்களும் 1. பகிர்வு பிட்கள் இரண்டும் 1. மறந்தால் ஒரே கோரில் ஒன்றும் தெரியாது, நான்கு கோர் எழுப்பும் நாளில் தெரியும்.

டிராப், சிஸ்டம் கால், டைமர்

டிராப்ஃபிரேமில் 31 பொது ரெஜிஸ்டர்கள், பயனர் ஸ்டாக், இஎல்ஆர், எஸ்பிஎஸ்ஆர். 34 எட்டுகள் 272 பைட். 16-ஆல் வகுபடுகிறது, அதுதான் வேண்டும். ஸ்டாக் பாயின்டர் 16-இன் மடங்காக இல்லாவிட்டால் ப்ராசஸரே ஃபால்ட் எழுப்பும். ஸ்விட்ச் செய்யும் அசெம்பிளியில் எக்ஸ்19 முதல் எக்ஸ்30 வரையும் ஸ்டாக்கும், மொத்தம் 13.

சிஸ்டம் கால் எண் எக்ஸ்8-இல், விடை எக்ஸ்0-இல். இங்கே ஒரு வரியை நீக்க வேண்டும்: எக்ஸ்வி6-இன் யூசர்டிராப்பில் திரும்பும் முகவரியோடு 4 கூட்டும் வரி. ரிஸ்க்-ஃபைவில் ஈகால் செய்த இன்ஸ்ட்ரக்ஷனையே முகவரி சுட்டும். ஆர்மின் எஸ்விசி அடுத்ததைச் சுட்டும். நீக்க மறந்தால் ஸ்டப்பின் ரெட் தாண்டிப்போய், அடுத்த ஸ்டப்புக்குள் விழும். ஃபோர்க்குக்கு அடுத்த ஸ்டப் எக்ஸிட்.

டைமருக்கு மென்பொருளில் அதிர்வெண்ணை எழுதி வைக்காமல் சிஎன்டிஎஃப்ஆர்க்யூ ரெஜிஸ்டரிலிருந்து படித்து 10-ஆல் வகுங்கள். போர்டில் 1.92 கோடி ஹெர்ட்ஸ், கியூஎமுவில் வேறாக இருக்கலாம். 40000040-இல் பிட் 1 ஏற்றினால் கோர் 0-க்கு டைமர் வரும். வந்தது எது என்று 40000060-இல் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவின் பிளிக் என்ற இன்டரப்ட் கன்ட்ரோலரில் இருந்த "எடுத்தேன், முடித்தேன்" என்ற இரட்டைச் சடங்கு இங்கே இல்லை. ஒவ்வொரு முறையும் ஹாண்ட்லருக்குள்ளேயே டைமரின் அடுத்த கெடுவை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் இன்டரப்ட் விழுந்துகொண்டே இருக்கும், வேறு எதுவும் ஓடாது.

கோப்பு முறையும் பழைய இன்ஸ்ட்ரக்ஷன்களும்

கியூஎமு தரும் விர்ட்டியோ டிஸ்க் போர்டில் இல்லை. எஸ்டி கார்டு டிரைவரை இப்போது தொடாதீர்கள். 1024 பைட் கொண்ட 2000 பிளாக்குகள் உள்ள எஃப்எஸ்.ஐஎம்ஜி-ஐ இன்க்பின் கட்டளையால் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டு, டிஸ்க் படிக்கும் ஒரே ஃபங்ஷனை மெம்மூவாக மாற்றுங்கள். பத்து வரிக்குள் முடியும். மின்சாரம் போனால் எழுதியது போகும், பரவாயில்லை.

இந்தக் கட்டத்தில் வரும் பிழைதான் மிகவும் கொடியது. ஷெல் வரும். எல்எஸ் ஓடும். அடுத்து கேட் ஓட்டினால் 02000000 வந்து சாகும், அல்லது எல்எஸ்ஸின் பாதி ஓடும். நடுவில் ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தால் பிழை மறையும். கியூஎமுவில் ஒருபோதும் வராது.

எக்ஸெக் நிரலை நினைவகத்தில் எழுதும்போது அது டேட்டா கேஷில் தங்குகிறது. ப்ராசஸர் இன்ஸ்ட்ரக்ஷனைப் படிப்பது வேறு கேஷ் வழியாக. அந்தப் பக்கத்தை முன்பு வைத்திருந்த நிரலின் வரிகள் அங்கே இன்னும் இருக்கலாம். இரண்டும் தாமாக ஒத்துப்போவதில்லை. மருந்து: எழுதிய பக்கத்தை 64 பைட் அடியாக டிசி சிவிஏயூ கொண்டு டேட்டா கேஷிலிருந்து வெளியே தள்ளி, அது முடியும்வரை காத்திருக்க டிஎஸ்பி, அடுத்து ஐசி ஐஏஎல்எல்யூஐஎஸ் கொண்டு இன்ஸ்ட்ரக்ஷன் கேஷை முழுவதும் செல்லாததாக்கி, மறுபடி டிஎஸ்பி, கடைசியில் ஐஎஸ்பி. முகவரி வாரியாகச் செல்லாததாக்குவது சிக்கனம் போலத் தோன்றும். நாம் எழுதுவது கெர்னல் முகவரி வழியாக, ஓடுவது பயனர் முகவரியில், இந்தக் கேஷில் அவை வெவ்வேறு இடத்தில் உட்காரலாம். முழுவதையும் துடைப்பதே பாதுகாப்பு.

எக்ஸெக்கில் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஃபோர்க் செய்யும்போதும் குறிமுறைப் பக்கங்கள் புதிய இடத்துக்கு நகலாகின்றன. யூவிஎம்காப்பியிலும் இதே வரிசை வேண்டும்.

மீதி நேரம் இருந்தால்

எஸ்டி கார்டு டிரைவர், அல்லது மற்ற மூன்று கோர்கள்: இரண்டில் ஒன்றை எடுங்கள். கோர்கள் சுலபம். இ0, இ8, எஃப்0 முகவரிகளில் தொடக்க முகவரியை எழுதி, அந்த வரிகளைக் கேஷிலிருந்து வெளியே தள்ளி, எஸ்இவி இன்ஸ்ட்ரக்ஷனால் எழுப்புங்கள். தள்ளாவிட்டால் எழுப்பவே முடியாது, ஏனென்றால் காத்திருக்கும் கோர்களின் கேஷ் அணைந்திருக்கிறது. அவை நினைவகத்தையே நேராகப் பார்க்கின்றன. எஸ்டி டிரைவர் எழுதுவோர் கோப்பு முறையை இரண்டாவது பார்ட்டிஷனில் வைத்து, அதன் தொடக்க செக்டரைக் கூட்ட மறக்காதீர்கள். மறந்தால் முதல் எழுதுதலே பூட் கோப்புகளை அழிக்கும். இரண்டு கார்டு வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

நாள் கணக்கு: இரண்டாம் வார முடிவில் சீரியலும் லோடரும், மூன்றில் எக்ஸெப்ஷன் அச்சு, ஐந்துக்குள் எம்எம்யூ, ஆறில் டைமர். ஆறாம் வாரத்துக்குப் பிறகு வரும் இடைவேளை வாரத்தை முதல் பயனர் நிரலுக்கு ஒதுக்குங்கள். அப்போதுதான் தடையில்லாமல் உட்கார முடியும். ஒன்பதில் ஷெல். தீபாவளி பெரும்பாலும் 10 முதல் 13 வரையிலான வாரங்களில் வருகிறது. புதிய கட்டம் எதையும் அந்த நாள்களில் தொடங்காமல் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை என்றால் எக்ஸ்வி6-உடனேயே வரும் யூசர்டெஸ்ட்ஸ் என்ற சோதனை நிரல். ஷெல் வந்துவிட்டது என்பதற்காக ஆய்வறிக்கை எழுத உட்காராதீர்கள். நினைவகம் தீரும்வரை ஃபோர்க் செய்வதும், செல்லாத முகவரிகளைக் கெர்னலுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் அதில்தான் இருக்கின்றன. போர்டில், மின்சாரத்தை அணைத்து அணைத்து, தொடர்ந்து பத்து முறை முழுமையாக ஓட வேண்டும். ஏழாவது முறை விழுந்தால் அது தற்செயல் அல்ல, கேஷ் வரிசையோ டிஎல்பி (முகவரி மொழிபெயர்ப்புகளைத் தேக்கும் கேஷ்) துடைப்போ எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அறிக்கையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை: கான்ஃபிக் கோப்பு, எந்த ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த ஜிசிசி பதிப்பு, மூன்று கம்பிகளும் தெளிவாகத் தெரியும் ஒரு படம், பத்து ஓட்டங்களின் சீரியல் பதிவும்.